கரணை பிடித்த கைக்கு அளவுகோல் எங்கே?

தோட்டத் தொழிலாளர் பத்திரிகை கட்டட வேலையைப் பற்றித் தலையங்கம் தீட்டுவானேன் என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். தோட்டம் விற்பனையானபின் நம் மக்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். காவல் வேலை, லாரி வேலை, தொழிற்சாலை வேலை, இவற்றோடு கட்டட வேலை. நேற்று நிரை பிடித்துப் பால் வெட்டிய நிலத்திலேயே இன்று செங்கல் சுமக்கும் தோழர்கள் சிலாங்கூரில் இருக்கிறார்கள். ஆகவே கட்டட முதலாளிமார் ஆள் எடுக்கும்போது தொழில் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்று எதைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பது நம் வீட்டு விவகாரமே.

நம் தோட்டத்து விஷயம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். அங்கே ஒரு தோழர் இருந்தார். பெயர் எதற்கு? தோட்டம் முழுதும் அவரைக் கொத்தனார் அண்ணன் என்றே அழைக்கும். லயத்துக் கால்வாய் இடிந்தால் அவர். புகைவீட்டுச் சுவர் வெடித்தால் அவர். மாரியம்மன் கோயில் மதில், பாலர் பள்ளியின் படிக்கட்டு, மானேஜர் பங்களாவின் குளியலறைத் தரை எல்லாம் அவர் கைவேலை. 18 ஆண்டுகள் கரணை பிடித்தார். ஆனால் செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருந்தது என்ன தெரியுமா? ‘பொது வேலை’. புல் வெட்டியவருக்கும் அதே சொல். உரம் போட்டவருக்கும் அதே சொல். அந்த 18 ஆண்டுகளில் கடைசி 11 ஆண்டுகள் அதை எழுதியது வேறு யாருமல்ல, நம் கைதான்.

அவர் இருந்த டிவிஷன் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. கிடைத்த நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு, கரணையையும் தூக்குக்குண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத் தளத்துக்குப் போனார். அங்கே ஆள் எடுத்தவர் பெரிய கம்பெனிக்காரர் அல்லர். கம்பெனியிடம் கொன்ட்ரெக் எடுத்தவரிடம் மறு கொன்ட்ரெக் எடுத்த ஒரு கெப்பாளா. அவர் கேட்ட கேள்விகள் மூன்று. இதற்கு முன் எந்த சைட்? யார் ஆள் நீ? கார்டு இருக்கிறதா? மூன்றுக்கும் நம் அண்ணனிடம் விடை இல்லை. “தோட்டத்தாளா? அப்ப கல்லு தூக்கு” என்று முடிந்தது பேச்சு. பையைத் திறந்து பார்க்கக்கூட ஒருவரும் கேட்கவில்லை. கொத்தனார் வாங்கும் கூலியில் பாதிக்குச் சற்று மேல் அவருக்கு. அவர் குழைத்துக் கொடுத்த கலவையை வாங்கிச் சுவர் வைத்தவன் 20 வயதுப் பையன். அவன் வைத்த சுவர் வளைந்தது. வளைவதை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். சொல்ல அவருக்கு உரிமையில்லை, உதவியாள் அல்லவா!

இதை அவர் நம்மிடம் சொன்னது பிரிக்பீல்ட்ஸில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேநீர்க் கடையில். இடத்தின் பெயரே செங்கல்லைச் சொல்கிறது. 1881-ல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் கோலாலம்பூரை அழித்தன. அதுவரை மரமும் அத்தாப்புமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்காகச் செங்கற்சூளைகள் எழுந்த இடந்தான் அது. காப்பித்தான் யாப் ஆ லாயின் பெயர் அந்தச் சூளைகளோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. களிமண் மிதித்தவன், கல் அறுத்தவன், சூளை வைத்தவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. போகட்டும், அது பழைய கதை.

கொத்து வேலையில் திறமை என்பது என்ன? தெரியாதவர்கள் வேகம் என்பார்கள். ஒரு நாளில் எத்தனை கல் வைத்தான் என்று எண்ணுவார்கள். தெரிந்தவர்கள் மூலையைப் பார்ப்பார்கள். சுவருக்கு முதலில் எழுவது இரண்டு மூலைகள். தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து, மூலைமட்டம் பிடித்து மூலையை நேராக எடுத்துவிட்டால், நடுவில் நூல் கட்டி இரண்டாம் ஆள் வரி வரியாக நிரப்பிக்கொண்டு போகலாம். மூலை அரை விரல் சாய்ந்தால் மேலே போகப் போகச் சுவர் முழுதும் சாயும். இணைப்புக்கு மேல் இணைப்பு விழாமல் எங்கே அரைக்கல், எங்கே முக்கால்கல் உடைத்து வைப்பது, வெயிலில் காய்ந்த கல்லை எவ்வளவு நனைப்பது, கலவை இறுகிப்போனபின் தண்ணீர் ஊற்றிக் கரைத்து ஏமாற்றாமல் இருப்பது, ஜன்னலுக்கு விட்ட இடம் பிளானில் உள்ளபடி இருக்கிறதா என்று மூன்றாம் வரியிலேயே கண்டுகொள்வது, இவையெல்லாம் திறமை. சுவர் அடியில் எவ்வளவு கலவை சிந்திக் கிடக்கிறது என்பதைப் பார்த்தே ஆளை எடை போடும் பழைய கொத்தனார்களை நாம் அறிவோம்.

இவற்றுள் எதையும் கெப்பாளா சோதிப்பதில்லை. அவர் பார்ப்பது வயதை, தோளை, எந்த நாட்டான் என்பதை. இன்ன தேசத்தான் கொத்துக்கு நல்லவன், இன்ன தேசத்தான் காங்கிரீட்டுக்கு, இன்னவன் கம்பி கட்ட, தோட்டத்துத் தமிழன் சுமக்க என்று ஒரு கணக்கு அவர் தலைக்குள் எழுதப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுத் தோழர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களுக்கும் இந்தக் கணக்கால் நன்மையில்லை. சொந்த ஊரில் நல்ல தச்சனாக இருந்தவன் இங்கே தன் தேசத்துக்கு ஒதுக்கிய வேலையை அல்லவா செய்துகொண்டிருக்கிறான்?

பெண்களின் நிலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் சித்தாளாக வேலைக்கு வந்த பெண் 30 ஆண்டு கொத்தனாருக்குப் பக்கத்திலேயே நின்று வேலையைப் பார்த்தாலும் பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்கிறாள். அவள் கையில் கரணையைக் கொடுத்துப் பார்ப்போம் என்று நினைத்த மேஸ்திரிகள் மிகச் சிலரே. அந்த வழக்கத்தைக் கடல் கடந்து வந்தும் நாம் விட்டொழிக்கவில்லை.

முதலாளிமார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. வாசலில் வந்து நிற்பவன் எல்லோரும் தன்னைத் துக்காங் என்றுதான் சொல்லிக்கொள்கிறான். நம் பையன்களிலும் அப்படிச் சொல்லிப் போய் மறுநாளே திரும்பி வந்தவர்கள் உண்டு. தப்பாக எழுந்த சுவரை இடித்தால் சிமெண்டு போயிற்று, மணல் போயிற்று, மூன்று நாள் போயிற்று. அதனால் அரை நாள் வேலை செய்து காட்டு, பார்க்கிறேன் என்கிறார்கள். செய்து காட்டச் சொல்வது தவறில்லை. உள்ளபடி சொன்னால் வாய் வார்த்தையைவிட அதுவே நல்ல சோதனை. ஆனால் அந்த அரை நாளுக்குக் கூலி இல்லை. அவன் வைத்த சுவரோ இடிக்கப்படுவதில்லை. அது கட்டடத்தில் சேர்ந்துவிடுகிறது. வைத்தவனைப் பார்த்து, கை சரியில்லை, உதவியாளாக இரு என்கிறார்கள். கை சரியில்லையென்றால் சுவர் எப்படிச் சரியாயிற்று?

சுவரை அளக்க நாட்டில் கோல் இல்லாமலில்லை. கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமாகிய சி.ஐ.டி.பி. 2006-ல் கொண்டுவந்த ‘கியூலாசிக்’ என்னும் முறையின்படி, கட்டி முடித்த வீட்டுக்கு மதிப்பீட்டாளர் வந்து புள்ளி போடுகிறார். சுவர் நிமிர்ந்திருக்கிறதா, தரை மட்டமா, மூலை சதுரமா என்று கருவி வைத்துப் பார்க்கிறார். ஓட்டைத் தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளலாக ஒலிக்கிறதா என்று காது கொடுக்கிறார். புள்ளி நிறைய வந்தால் வீடமைப்பு நிறுவனம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. நல்லது. ஆனால் அந்தச் சுவரை வைத்த கைக்கு அந்தப் புள்ளியில் ஒன்றாவது போய்ச் சேருகிறதா? சுவருக்குக் கோல் இருக்கிறது. மனிதனுக்கு மட்டும் கெப்பாளாவின் கண்.

மனிதனை அளக்கவும் சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்வர். இருக்கிறது. சி.ஐ.டி.பி.யை ஏற்படுத்திய 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டடத் தளத்தில் வேலை செய்பவர்கள் பதிவு பெற வேண்டும். அதற்கான கார்டைத்தான் நம் ஆட்கள் கிரீன் கார்டு என்பார்கள். அதற்கு முன் நடக்கும் வகுப்பு பாதுகாப்பைப் பற்றியது. ஒரு நாளில் முடிந்துவிடும். விழாமல் இருப்பது எப்படி என்று அதில் சொல்லிக் கொடுப்பார்கள். செங்கல் வைக்கத் தெரியுமா என்று கேட்கமாட்டார்கள். ஆக, கார்டு வைத்திருப்பவன் தொழில் தெரிந்தவன் என்று எண்ணுவதும் தவறு, கார்டு இல்லாதவன் தெரியாதவன் என்று எண்ணுவதும் தவறு. தேர்ச்சிச் சான்று காட்டாதவனுக்குக் கார்டிலும் ‘பொதுத் தொழிலாளி’ என்றே விழுகிறது. செக்ரோலில் நாம் எழுதிய அதே சொல், பாருங்கள்! சட்டம் 2011-ல் திருத்தப்பட்டு 2015-ல் அமலுக்கு வந்தபின் கொத்தர், தச்சர், கம்பி கட்டுபவர் முதலான தேர்ந்த தொழிலாளர்க்கு அங்கீகாரம் வேண்டும் என்றாகியிருக்கிறது. ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் மறு கொன்ட்ரெக்கின் மறு கொன்ட்ரெக்கில் வேலை பார்ப்பவனைத் தேடி அந்த அங்கீகாரம் தானாக வருவதில்லை.

நம் தோழர்களில் மிகப் பலர் அறியாத வழி ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில்திறன் வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் எஸ்.கே.எம். சான்றிதழைப் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து படித்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேலையில் இருந்தே கற்றுக்கொண்டவன், தான் செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, அனுபவ அங்கீகார முறையில் அதைப் பெறலாம். பி.பி.டி. என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர் எழுதிய கடிதங்கள், எந்தெந்த ஆண்டில் என்னென்ன செய்தான் என்ற விவரம், எல்லாம் ஒரு கோப்பாகச் சேர வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துத் தீர்மானிப்பார். 18 ஆண்டு கரணை பிடித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறென்ன?

சங்கடம் எங்கே என்றால், அந்தக் கடிதத்தில். கெப்பாளா கடிதம் தருவதில்லை. தந்தால் நாளைக்கு அதையே காட்டி மேல்கூலி கேட்பான் என்ற பயம். பெரிய கம்பெனியைக் கேட்டால், அவன் எங்கள் ஆளே அல்ல என்கிறது. அப்படிச் சொல்லித் தப்பிக்கும் காலம் சற்று மாறியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவன் வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் மற்றவர் கட்டுப்படுத்தினால், வேலைக்குக் கருவியும் பொருளும் அவரே கொடுத்தால், இவை போன்ற அடையாளம் ஒன்று இருந்தாலும் வேறு ஆதாரம் வராதவரை அவனைத் தொழிலாளி என்றே கொள்ள வேண்டும் என்கிறது அத்திருத்தம். கரணை மட்டும் கொத்தனாருடைய சொந்தப் பொருளாயிற்றே என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதிடுவார். வாதிடட்டும், நேரத்தையும் முறையையும் யார் சொன்னார் என்று நாமும் கேட்போம்.

அண்டை நாட்டில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்ப்பது நல்லது. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முதலில் ஊரிலேயே தொழில் தேர்வு எழுதுகிறார்கள். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தில் அதை ‘டெஸ்ட் அடிப்பது’ என்பார்கள். குறித்த நேரத்தில் குறித்த வேலையைச் செய்து காட்ட வேண்டும், தேறினவனுக்குத்தான் அனுமதி. மேலும் தேர்ச்சி பெற்றவனை வைத்திருக்கும் முதலாளிக்கு அரசாங்கத் தீர்வை குறைவு; 2024 முதல் மேல்நிலைத் தேர்ச்சி பெற்றவனுக்கு மாதம் 500 சிங்கப்பூர் வெள்ளி, அடிப்படைத் தேர்ச்சி பெற்றவனுக்கு 900 வெள்ளி. திறமைக்கு விலை வைக்க முதலாளிக்குக் காரணம் கிடைக்கிறது. இது கவனிக்கத்தக்கது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தேர்வுக்கும் பயணத்துக்கும் முகவர்களிடம் லட்சக்கணக்கில் ரூபாய் கட்டி, நகையை அடகு வைத்து வருகிறான் அந்தப் பையன். தீர்வையில் மிஞ்சிய பணம் முதலாளியிடம் தங்கிவிடுகிறது. சோதனை வேண்டும், ஆனால் அதன் செலவு சோதிக்கப்படுபவன் தலையில் விழக்கூடாது.

பிரிட்டனில் 1995 முதல் கட்டடத் தொழிலாளர்க்கு வழங்கும் அட்டை நிறத்தால் தொழில் தரத்தைச் சொல்லிவிடும். அங்கே பச்சை என்றால் சாதாரண வேலையாள், நீலம் என்றால் தேர்ந்த தொழிலாளி, பொன்னிறம் என்றால் அதற்கும் மேல். வாசலில் நிற்பவன் கெப்பாளாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தோட்டத்திலேயே நியாயமான சோதனை ஒன்று இல்லையா? பால்வெட்டைச் சொல்கிறோம். பட்டையை வெட்டும்போது மரத்தின் உயிர்த்தோலுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு நிறுத்த வேண்டும். அதற்கு முன்னே நின்றால் பால் குறையும், தாண்டினால் மரத்தில் காயம் விழும். மாதத்தில் எவ்வளவு பட்டை செலவாயிற்று, எத்தனை காயம் என்று கண்டக்டர் வந்து அளக்கிறார். அவர் கோபக்காரராக இருக்கலாம், பாரபட்சமும் காட்டலாம். ஆனால் அடையாளம் மரத்தில் இருக்கிறது. வெட்டினவனும் பார்க்கலாம், சங்கத் தலைவரும் பார்க்கலாம், இது பழைய காயம் என்று வாதாடலாம். எத்தனையோ வழக்குகளில் அப்படி வாதாடி நாம் ஜெயித்திருக்கிறோம். இரண்டு தரப்பும் ஒரே பொருளைப் பார்த்துப் பேச முடிகிறது. அதனால்தான் அது சோதனை. கெப்பாளாவின் தலைக்குள் இருக்கும் கணக்கை யார் போய்ப் பார்ப்பது?

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமொன்றுமில்லை. ஆளை எடுக்குமுன் செய்து காட்டச் சொல்லுங்கள். மூலை எடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து அவன் முன்னிலையிலேயே பாருங்கள். பார்த்ததை ஒரு துண்டுத் தாளிலாவது எழுதி அவன் கையில் கொடுங்கள், நல்லதோ கெட்டதோ. அந்தத் தாள் அவனோடு அடுத்த தளத்துக்குப் போகட்டும். தேர்ச்சி கண்டபின் உதவியாள் கூலி கொடுப்பதை நிறுத்துங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்ததை வரவேற்றோம். ஆனால் அது தரை. தொழிலின் பெயர் மறைக்கப்பட்டவனுக்கு அந்தத் தரையே கூரையுமாகிவிடுகிறது.

நாட்டின் நிர்வாகத் தலைநகராகிய புத்ராஜெயா எழுந்தது பிராங் புசார் முதலான ரப்பர்த் தோட்டங்களின் மீது என்பதை மறந்தவர்கள் பலர். அங்கிருந்த நம் மக்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்குக் குடி மாற்றப்பட்டார்கள். அந்தக் கட்டடங்களில் விரிசல் விழுந்து அவர்கள் நெடுங்காலம் முறையிட்டதும் நாடறிந்த விஷயம். தோட்டத்துக் கால்வாயையும் மதிலையும் விரிசலின்றிக் கட்டிய கைகள் அந்த மக்களிடையேயும் இருந்திருக்கும். யார் கேட்டார்கள்?

முதலாளிமாரைக் கேட்டது போதும். நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராணிமார், மண்டோர்மார் அனைவருக்கும் இதைச் சொல்கிறோம். தோட்டத்தில் கொத்து வேலை, தச்சு வேலை, குழாய் வேலை, வெல்டிங் செய்கிறவர்களின் பெயருக்கு நேரே ‘பொது வேலை’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். கூலி விகிதத்துக்காக அப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், தனியாக ஒரு நோட்டில் தேதியிட்டு என்ன வேலை என்று எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தோட்டம் போனபின் அந்த நோட்டும் படமும் ஒரு குடும்பத்தின் சோறு.

நாமும் தொடங்கியிருக்கிறோம். பழைய செக்ரோல்களையும் ஸ்டோர் கணக்கையும் இரண்டு வாரம் உட்கார்ந்து புரட்டினோம். எந்த மாதத்தில் எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை செங்கல் வெளியே போயிற்று, அந்த நாட்களில் கொத்தனார் அண்ணன் எந்த இடத்தில் வேலை செய்தார் என்று ஸ்டோர் சீட்டில் இருந்தது. செக்ரோல் மறைத்ததைச் சிமெண்டு மூட்டை காட்டிக் கொடுத்தது. அதையெல்லாம் ஆண்டுவாரியாக மலாய் மொழியில் தட்டெழுதி, இவர் இத்தோட்டத்தில் 18 ஆண்டுகள் கொத்து வேலை செய்தார் என்று ஒரு கடிதம் தயாரித்து நிர்வாகத்தின் கையெழுத்துக்கு வைத்தோம். படித்துப் பார்த்தார்கள். விவரத்தில் தவறு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. “கையெழுத்துப் போட்டால், 18 வருஷத்துக்குக் கொத்தனார் கூலி வித்தியாசம் கேட்டு உங்கள் சங்கம் வருமா?” என்று மட்டும் கேட்டார்கள்.

நாம் பதில் சொல்லவில்லை. இதை எழுதும் இன்றுவரை கடிதம் அந்த மேசையில்தான் இருக்கிறது. கொத்தனார் அண்ணன் இந்த வாரமும் கல் தூக்கப் போயிருக்கிறார்.